சான்றிதழின் பின்பக்கம்



அண்ணலின் நினைவு நாளில், வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கிய மன்றத்தின் நினைவுச் சொற்பொழிவுக்கு இது என்ன தலைப்பு என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த அரங்கில் எத்தனை பேர் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர்கள், கை தூக்குங்கள் என்று சொன்னால், தூக்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை பார்த்துக்கொள்வீர்கள். ஏன் அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

அஞ்சல் வழி, தொலைநிலை, திறந்தநிலை என்று அரசாணைகளில் பல பெயர்கள் உண்டு. நம் தெருவில் இருக்கும் சொல் ஒன்றுதான்: கரஸ். ‘என்ன படிச்சிருக்க?’ ‘பி.காம்.’ ‘ரெகுலரா, கரஸா?’ ‘கரஸ்ல பண்ணேண்ணா.’ கடைசி வரியைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பட்டத்தின் பெயரைச் சொன்ன குரலும் இதைச் சொன்ன குரலும் ஒரே ஆளுடையதா என்று சந்தேகம் வரும்.

இந்தியாவில் இந்த முறை 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. 1985இல் இக்னோ வந்தது. 2002இல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. இன்று இது ஒரு சிறு வாய்க்கால் கிடையாது. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21இல் நாட்டில் உயர்கல்வியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 14 லட்சம் பேர். அதில் தொலைநிலையில் படித்தவர்கள் 45 லட்சத்து 71 ஆயிரம். ஒன்பது மாணவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஏறத்தாழ 21 லட்சம் பேர் பெண்கள்.

இவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படித்தவர்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு படித்தவர்கள். அப்பா படுத்துவிட்டதால் பிளஸ் டூவோடு நின்று, தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தான் கரஸில் சேர்ந்த அண்ணன்கள். சனி, ஞாயிறு நேர்முக வகுப்புக்காக வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறியவர்கள்.

அண்ணலுக்கு இவர்களைத் தெரியும். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தபோது வகுப்புகளைக் காலையில் வைத்தார். வேலைக்குப் போகிறவனும் படித்துவிட்டுப் போகட்டும் என்பதற்காக. படிப்பவன் வேறு, உழைப்பவன் வேறு என்ற பிரிவினையை அவர் கால அட்டவணையிலேயே உடைத்துப் போட்டார். அவருடைய சொந்தப் படிப்பையும் பாருங்கள். 1917இல் பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தார். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் துரத்தப்பட்டார். 1918இலிருந்து சைடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 1920இல்தான் திரும்பப் போனார். இன்றைக்கு ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் இதை நிரப்பினால் ‘கல்வியில் இடைவெளி: மூன்று ஆண்டு’ என்று வரும். இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று போடுகிற நிறுவனங்கள் உண்டு. அந்தப் படிவம் அவரை முதல் பக்கத்திலேயே வெளியே தள்ளியிருக்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ரெகுலர், கரஸ் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. 1995 மார்ச் 1ஆம் தேதி ஒன்றிய மனிதவள அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, உரிய அங்கீகாரத்தோடு தொலைநிலையில் பெற்ற பட்டங்கள் ஒன்றிய அரசுப் பணிகளுக்குத் தானாகவே செல்லும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 22ஆவது விதி, அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான முறையில் பெற்ற பட்டங்களுக்கு இணையானவை என்கிறது. 2022 செப்டம்பரில் மானியக் குழு இதை மறுபடியும் அறிவித்தது. ஒரு விஷயத்தை இத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அதே மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. தொலைநிலையில் தரப்படும் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இவற்றின் பின்பக்கத்தில் சில விவரங்களை அச்சிட வேண்டும்: எந்த முறையில் படித்தார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது முடித்தார், எந்தக் கற்போர் உதவி மையம், எந்தத் தேர்வு மையம். காரணம் புரிகிறது. ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு போர்டு மாட்டி, பட்டம் விற்ற கடைகளைத் தடுக்க வேண்டும். ஆனால் விளைவு என்ன? முன்பக்கம் சமம் என்கிறது. பின்பக்கம் எந்த வாசல் வழியாக வந்தாய் என்று எழுதி வைக்கிறது. நமக்கு இது புதிய அனுபவமா? டீக்கடைக்குள் எல்லோரும் வரலாம், டம்ளர் மட்டும் வேறு என்ற ஏற்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒழுங்குமுறையை எழுதியவர்கள் அந்த நோக்கத்தில் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. அச்சிட்ட பின்பக்கத்தை யார் எதற்குத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

தனியார் நிறுவனங்கள் திருப்பிப் பார்க்கின்றன. பல சமயம் அதுவரைகூடப் போவதில்லை. விளம்பரத்திலேயே ‘முழுநேரப் படிப்பு மட்டும், பகுதி நேரமும் அஞ்சல் வழியும் ஏற்கப்படாது’ என்று ஒரு வரி இருக்கும். வேலை தேடும் இணையதளங்களில் உங்கள் விவரத்தைப் பதியும்போது, படிப்பின் பெயருக்குக் கீழே ஒரு கட்டம் வரும்: முழுநேரம், பகுதிநேரம், அஞ்சல் வழி. நீங்கள் உண்மையைத் தட்டுகிறீர்கள். அந்த ஒரு கட்டத்தை வைத்து எதிர்ப்பக்கம் ஆயிரம் விண்ணப்பங்களைச் சலித்துவிட முடியும். உங்கள் பெயரை ஒரு மனிதர் வாசித்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவரிடம் சண்டை போடலாம். சல்லடையிடம் என்ன பேசுவது?

இதையெல்லாம் தாண்டி நேர்காணல் வரை போன ஒரு தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். தையல் பிரிவில் சேர்ந்து, பிறகு நாற்பது பெண்கள் இருக்கும் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். தினசரி உற்பத்திக் கணக்கு, ரிஜெக்ட் கணக்கு, வருகைப் பதிவு எல்லாம் அவள் கையில். நடுவில் கரஸில் பி.காம். முடித்தாள், முதல் வகுப்பில். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு வேலைக்குப் போனாள். யாரோ விவரம் தெரிந்தவர் ‘ஷூ கம்பெனின்னு போடாதம்மா, லேபர்னு நெனச்சிடுவாங்க’ என்று சொல்லியிருக்கிறார். அவளும் அதை எடுத்துவிட்டாள். அங்கே கேட்ட கேள்வி: ‘அஞ்சு வருஷம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?’ அடுத்தது: ‘வீட்ல இருந்துதானே படிச்சீங்க, காலேஜுக்கே போகலையே?’ அதற்கடுத்தது: ‘அப்பா என்ன பண்றாரு?’ கணக்கில் ஒரு கேள்விகூட இல்லை. பற்று எது, வரவு எது என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். இந்த மூன்று கேள்விகளும் மூன்று வேறு கேள்விகள் இல்லை, தோழர்களே.

நான் இதை ஊகத்தில் சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் செய்த ஆய்வு ஒன்று 2007இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வந்தது. 66 வாரங்கள், நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றேதான். பெயர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு மூன்று அழைப்பு வந்தால் தலித் பெயருக்கு ஏறத்தாழ இரண்டு, முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ ஒன்று என்ற விகிதத்தில்தான் வாய்ப்பு இருந்தது. அஞ்சல் வழிக் கல்வியை மதிக்காத நிறுவனங்களின் குட்டை அஞ்சல் வழியாகவே வெளிப்படுத்திய ஆய்வு அது.

அதே ஆண்டு அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரையும் வந்தது. டெல்லிப் பகுதியின் பெரிய நிறுவனங்களில் ஆள் எடுக்கும் மேலாளர்களை நேரில் பேட்டி கண்டு எழுதியது. சாதியா, நாங்கள் பார்ப்பதே இல்லை, தகுதிதான் என்றார்கள் மேலாளர்கள். அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தவன் நல்ல வேலைக்காரன் என்பது அவர்கள் கணக்கு.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. அது பெரிய சாதனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெயரில் தெரியாததை வேறு இடத்தில் தேடுகிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, தமிழ் வழியா ஆங்கில வழியா, ஹாஸ்டலா வீடா, கடைசியில் ரெகுலரா கரஸா. கரஸில் படித்தவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்லர். எல்லாச் சாதி ஏழைகளும் அதில் இருக்கிறார்கள், வசதியுள்ளவர்களும் பதவி உயர்வுக்காகப் படிக்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வி நேராகச் சாதியைக் கேட்பதில்லை. அது கேட்பது இதுதான்: பதினெட்டு வயதிலிருந்து இருபத்தோரு வயது வரை உன் கூலி இல்லாமல் உன் வீட்டில் அடுப்பு எரிந்ததா?

‘ரெகுலர்’ என்ற தகுதி எதை அளக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பாடத்தில் திறமையை அளப்பது தேர்வு. மூன்று வருடம் பகலில் வகுப்பில் உட்கார முடிந்தது என்பது குடும்பத்தின் கையிருப்பை அளக்கிறது. நிலம் இருந்த வீட்டில் அது இருக்கும். அரசுச் சம்பளம் வந்த வீட்டில் இருக்கும். உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் 2012ஆம் ஆண்டின் 92ஆம் அரசாணையால் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கல்லூரிக்குள் போனார்கள். அதைப் போராடிப் பெற்றவர்களை வணங்குகிறேன். ஆனால் அரசு கட்டுவது கல்லூரிக்கான கட்டணத்தை. அந்த மூன்று வருடம் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவராமல் போன கூலியை யாரும் கட்டுவதில்லை.

முதலாளிகள் சொல்லும் காரணங்களையும் கேட்டுவிடலாம். அவை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வு மையங்களில் காப்பி அடித்தது நடந்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பாஸ் போட வைப்பதாகச் சொன்ன மையங்களை நம் ஊர்களிலேயே பார்த்திருக்கிறோம். பத்து வருடம் திருத்தாத பாடப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிய பல்கலைக்கழகங்களும் உண்டு. இதில் ஏமாந்தவர்கள் முதலில் நம் பிள்ளைகள், பிறகுதான் நிறுவனங்கள். ஆனால் உள்கட்டமைப்பே இல்லாத ரெகுலர் கல்லூரிகளும், ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஆசிரியர்களைக் காட்டும் கல்லூரிகளும் இல்லையா? அங்கே படித்தவனிடம் ‘உன் கல்லூரியில் ஆசிரியர் இருந்தாரா?’ என்று ஏன் எவரும் கேட்பதில்லை?

வகுப்பறையில் உட்கார்ந்து படிக்காததுதான் குறை என்றால், 2020லும் 2021லும் இந்தியாவின் எல்லாக் கல்லூரி மாணவர்களும் வீட்டிலிருந்து செல்பேசியில்தான் படித்தார்கள். அவர்கள் சான்றிதழில் ‘தொலைநிலை’ என்று யாரும் அச்சிடவில்லை. அதே 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. தேவையில்லை, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். நல்ல முயற்சி, நம் பிள்ளைகள் கட்டாயம் சேர வேண்டும். அந்தப் பட்டத்தை யாரும் ‘கரஸ்’ என்று சொல்வதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். தூரத்திலிருந்து படித்தால் தரம் குறையும் என்பது உண்மையானால் அங்கேயும் குறைய வேண்டுமே. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடியே தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைத் தபால் வழியில் படித்து 1989இல் முடித்தார். அவரிடம் ரெகுலரா என்று யாராவது கேட்டிருப்பார்களா, தெரியவில்லை.

இப்போது அரசுப் பக்கம். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு வேலைக்கு அங்கீகாரம் பெற்ற கரஸ் பட்டம் செல்லும். ஆனால் படித்த வரிசை முக்கியம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டுப் பட்டம், அதன் பிறகு முதுகலை. இந்த வரிசையில் படித்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களைத் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பட்டத்தில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பட்டமே இல்லாமல் நேரே எம்.ஏ. படித்தவர்களும் உண்டு. 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி தமிழ்நாடு அரசின் 107ஆம் அரசாணை, பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டங்களை அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்றது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டங்களைக் கொடுத்தவை பல்கலைக்கழகங்கள். விளம்பரம் செய்து, கட்டணம் வாங்கி, தேர்வு வைத்து, பட்டமளிப்பு விழா நடத்திக் கொடுத்தார்கள். எட்டாவதோடு நின்று, முப்பது வயதில் மறுபடி புத்தகத்தைத் தொட்டவர்தான் கடைசியில் தகுதியற்றவர் ஆனார். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் தகுதியற்றது ஆகவில்லை. வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் யாரும் ஆணை போடவில்லை.

பொறியியலிலும் இதே கதை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உரிய ஒப்புதல் இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றித் தீர்ப்பளித்தது. அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில் இருப்பது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, மறுதேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றானது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. ஆகவே தம்பிகளே, பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் இவற்றைத் தொலைநிலையில் தருகிறோம் என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். மற்றப் படிப்புகளிலும், பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாமல், நீங்கள் சேரும் பாடத்துக்கு, நீங்கள் சேரும் ஆண்டில் இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். மையத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு பணம் கட்டாதீர்கள்.

செய்ய வேண்டியவை என்று என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்பது பெரிய கோரிக்கை. அதை விடப் போவதில்லை. அதற்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. மாவட்டந்தோறும் அரசே தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. அரசு போட்ட பந்தலில், அரசு கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அரசுப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தை ஏற்க மாட்டோம் என்று ஒரு நிறுவனம் எப்படிச் சொல்லலாம்? ‘ரெகுலர் மட்டும்’ என்று போடுகிற நிறுவனத்துக்கு முகாமில் இடமில்லை என்று அரசு ஒரு சுற்றறிக்கை விடலாம். சிப்காட்டில் நிலம் வாங்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் இதை ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சான்றிதழின் பின்பக்கம் பற்றியும் மானியக் குழுவுக்கு எழுத வேண்டும். மோசடியைத் தடுக்க மையத்தின் பெயர் தேவை என்றால் அது பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் இருக்கட்டும், கேட்கும் அதிகாரிக்குக் கொடுக்கட்டும். வாழ்நாள் முழுக்க ஒருவர் கையில் சுமக்கும் தாளில் எதற்கு?

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அந்தத் தங்கையிடம் ஷூ கம்பெனியை மறைக்கச் சொன்னவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியதை, நாள் தவறாமல் கணக்கு எழுதியதை, அதே காலத்தில் பட்டமும் முடித்ததை வேலை விண்ணப்பத்தில் முதலில் எழுத வேண்டும் என்று நான் அவளிடம் சொன்னேன். இப்போது அப்படித்தான் எழுதி அனுப்புகிறாள். இன்னும் வேலை கிடைக்கவில்லை. கடைசியாகப் போன இடத்தில் லைனை எப்படி நடத்தினாய் என்று அரை மணி நேரம் கேட்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் நம் மன்றத் தோழர்கள் இரண்டு பேர் மடிக்கணினியோடு இருப்பார்கள். இந்த ஆண்டு எங்காவது சேரப் போகிறவர்கள், உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பாடத்தையும் அவர்களிடம் சொன்னால் அங்கீகாரப் பட்டியலில் பார்த்துச் சொல்வார்கள். ‘ரெகுலர் மட்டும்’ என்று போட்ட விளம்பரங்களை வெட்டியோ படம் எடுத்தோ வைத்திருப்பவர்களும் அங்கே கொடுங்கள். சுற்றறிக்கை கேட்டு எழுதும் மனுவோடு இணைக்க அவை தேவைப்படும்.